காலையில் மட்டும் மக்கர் பண்ணும் கம்ப்யூட்டர்... அந்த நாலாவது அமுக்கலில் என்னதான் நடக்கிறது?

காலை ஏழு மணி. அப்பா காபி டம்ளரோடு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்காருவார். பவர் பட்டனை அமுக்குவார். உள்ளே ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும். மறுபடி அமுக்குவார். இந்த முறை ஃபேன் ஓடும். ஆனால், திரை கறுப்பாகவே இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, பத்து வரை எண்ணி, மீண்டும் செருகுவார். நாலாவது அல்லது ஐந்தாவது முயற்சியில் 'பீப்' என்று ஒரு சத்தம். விண்டோஸ் எழுந்துவிடும். அதற்குப் பிறகு ராத்திரி வரை ஒரு பிரச்னையும் இருக்காது.

"பழைய ஸ்கூட்டரை சோக் போட்டு உதைக்கிற மாதிரி, தினமும் இதுக்கு ஒரு அரை மணி நேரம்!" என்பார் அம்மா சமையலறையிலிருந்து.

அப்பா வீட்டிலிருந்தே பத்திரம், மனு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் டைப் செய்து கொடுப்பவர். கம்ப்யூட்டருக்கு ஒன்பது வயது. "அதான் ஆன் ஆகிடுதுல்ல, விடும்மா" என்று நாலைந்து மாதங்களை ஓட்டிவிட்டார்.

மார்கழியில் ஒருநாள் அது ஆன் ஆகவே இல்லை. அன்றைக்குப் பார்த்து, பதிவு அலுவலகத்தில் பதினொன்றரை மணிக்கு டோக்கன் போட்டிருந்த ஒரு குடும்பம் வாசலில் காத்திருந்தது. அவர்களுடைய பத்திரம் முழுக்க அந்த கம்ப்யூட்டருக்குள். அப்பா பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்கு ஓடி, முழுப் பத்திரத்தையும் முதலிலிருந்து டைப் செய்து, கடைசி நிமிடத்தில் கொடுத்து அனுப்பினார். அன்று சாயங்காலம்தான் எங்களுக்கு இன்னொரு விஷயம் உறைத்தது. போன வருடம் இறந்துபோன பாட்டியின் புகைப்படங்கள் அத்தனையும் அதே ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. வேறெங்கும் ஒரு பிரதிகூட இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கம்ப்யூட்டர் இருக்கலாம். காலையில் மட்டும் அடம்பிடிக்கும்; ஒருமுறை எழுந்துவிட்டால் சமர்த்தாக ஓடும். 'ஆன் ஆகிவிட்டதே' என்று நாம் நிம்மதி அடைகிறோம். உண்மையில், அது தினமும் ஓர் எச்சரிக்கை மணி அடித்துக்கொண்டிருக்கிறது.

முதல் வேலை ரிப்பேர் இல்லை... பேக்கப்!

கம்ப்யூட்டர் இன்று ஆன் ஆகிவிட்டதா? நல்லது. அதை ஆஃப் செய்வதற்கு முன்பு, முக்கியமான ஃபைல்கள், புகைப்படங்கள், ஸ்கேன் செய்த சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ பிரதி எடுத்துவிடுங்கள். இன்னொரு பிரதி ஆன்லைனில் இருக்கட்டும். கூகுள் கணக்கு ஒவ்வொன்றுக்கும் 15 ஜிபி இடம் இலவசம். ஒரு குடும்பத்தின் முக்கிய ஆவணங்களுக்கு இது தாராளம்.

நாளைக்குக் காலையில் அது எழுந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால்தான் இதை முதலில் சொல்கிறோம். ஆன் ஆகாவிட்டால் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அது பத்திரமாகவே இருக்கும். கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டி எடுக்கலாம். ஆனால், அந்தப் பதற்றமே வேண்டாம் என்றால் பேக்கப்தான் ஒரே வழி.

ஏன் காலையில் மட்டும்?

கம்ப்யூட்டர் டப்பாவின் பின்பக்கம், கரன்ட் வயர் செருகும் இடத்தில் இருக்கும் இரும்புப் பெட்டிதான் எஸ்.எம்.பி.எஸ். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏ.சி மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டி.சி மின்சாரமாக மாற்றித் தருவது இதன் வேலை.

நீங்கள் பவர் பட்டனை அமுக்கியதும் பிராசஸர் உடனே வேலையைத் தொடங்குவதில்லை. எஸ்.எம்.பி.எஸ் எல்லா வோல்டேஜும் சரியான அளவுக்கு வந்து நிலைக்கும்வரை காத்திருந்து, 'எல்லாம் தயார்' என்று மதர்போர்டுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். இதன் பெயர் 'பவர் குட்'. வோல்டேஜ் நிலைத்த பிறகு 100 முதல் 500 மில்லி செகண்டுக்குள் இந்த சிக்னல் போக வேண்டும் என்பது பொதுவான விதி. சிக்னல் வராவிட்டால் மதர்போர்டு பிராசஸரை எழுப்பாது. ஃபேன் ஓடியும் திரை கறுப்பாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, சிக்னல் ஏன் தடுமாறுகிறது? இங்கேதான் கெபாசிட்டர் வருகிறது. வீட்டின் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வருவது தொட்டி இருப்பதால்தான். ஏற்ற இறக்கத்தோடு வரும் மின்சாரத்தைத் தேக்கி வைத்து, சீராகக் கொடுக்கும் தொட்டிதான் கெபாசிட்டர். சின்ன உருளை வடிவில், எஸ்.எம்.பி.எஸ்ஸிலும் மதர்போர்டிலும் வரிசையாக நிற்கும்.

இதில் எலெக்ட்ரோலைட்டிக் என்ற வகை கெபாசிட்டருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. வருடக்கணக்கில் சூட்டில் உழைத்து உழைத்து அந்தத் திரவம் வற்றிப்போகும். சுற்றியுள்ள வெப்பம் 10 டிகிரி கூடினால் கெபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ் துறையில் எல்லோரும் சொல்லும் கணக்கு. நம் ஊர் கோடையும், தூசி அடைத்த ஃபேனும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வற்றிய கெபாசிட்டரால் மின்சாரத்தை வேகமாக வாங்கிக் கொடுக்க முடியாது. குளிரில் இந்தத் தடை இன்னும் கூடும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் எண்ணெய் இறங்காது அல்லவா? ஏறக்குறைய அதே கதைதான். நல்ல கெபாசிட்டருக்கு 20 டிகிரி குளிர் ஒரு பொருட்டே இல்லை. சாகும் தறுவாயில் இருப்பதற்கு அந்தக் கொஞ்சம் குளிரே போதும்.

நாம் ஒவ்வொரு முறை பட்டனை அமுக்கும்போதும் மின்சாரம் பாய்ந்து கெபாசிட்டர் லேசாகச் சூடாகிறது. நாலாவது அமுக்கலில் அது தேவையான நிலைக்கு வந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் எழுந்துவிடுகிறது. அப்புறம் நாள் முழுக்கச் சூடாகவே இருப்பதால் பிரச்னை தெரிவதில்லை. ரீஸ்டார்ட் செய்தாலும் ஒழுங்காகவே ஓடும்.

இதில் இன்னொரு சுமையும் உண்டு. ஆன் செய்யும் அந்த முதல் சில நொடிகளில்தான் ஹார்ட் டிஸ்க் நின்ற நிலையிலிருந்து சுழல ஆரம்பிக்கிறது. ஓடும்போது எடுப்பதைவிட அப்போது அதிக கரன்ட் இழுக்கும். உடம்பு முடியாத எஸ்.எம்.பி.எஸ் அந்த இடத்தில்தான் மூச்சுவாங்கும்.

2000-களின் தொடக்கத்தில் தரக்குறைவான கெபாசிட்டர்களால் உலகம் முழுக்கப் பல நிறுவனங்களின் மதர்போர்டுகள் வரிசையாகப் பழுதாயின. 'கெபாசிட்டர் பிளேக்' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். உச்சி தட்டையாக இல்லாமல் உப்பியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் கெபாசிட்டர் போய்விட்டது என்று அடையாளம் கண்டுகொள்வது அப்போதுதான் பரவலானது. இன்றும் அதே அடையாளம்தான். ஆனால், வெளியே நன்றாகத் தெரியும் கெபாசிட்டரும் உள்ளே வற்றியிருக்கலாம்.

உங்கள் கம்ப்யூட்டர் எந்த ரகம்?

'ஆன் ஆகவில்லை' என்று எல்லோரும் பொதுவாகச் சொல்கிறோம். அதில் மூன்று ரகம் உண்டு. எது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

1. உயிரே இல்லை: லைட் எரியவில்லை, ஃபேன் அசையவில்லை. பிளக் பாயின்ட், வயர், யு.பி.எஸ், எஸ்.எம்.பி.எஸ் ஆகியவற்றின் மீது சந்தேகம் கொள்ளலாம்.

2. ஃபேன் ஓடுகிறது, படம் இல்லை: அல்லது தானாக ஆஃப் ஆகி, ஆன் ஆகிறது. எஸ்.எம்.பி.எஸ், ரேம், மதர்போர்டு கெபாசிட்டர் ஆகியவை சந்தேகப் பட்டியலில். பீப் சத்தம் தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் ரேமைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

3. லோகோ வருகிறது, அதற்கு மேல் நகரவில்லை: தேதி, நேரம் தப்பாகக் காட்டி 'எஃப்1 அமுக்கவும்' என்று கேட்டால் சிமாஸ் பேட்டரி. விண்டோஸ் சுற்றிக்கொண்டே நின்றால் ஹார்ட் டிஸ்க் அல்லது விண்டோஸ் செட்டிங்.

ஒரு நாளைக்கு ஒரு மாற்றம்தான்!

இந்தப் பழுதின் பெரிய தலைவலியே, ஒரு நாளைக்கு ஒருமுறைதான் அதைப் பார்க்க முடியும் என்பது. கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். எனவே, ராத்திரி ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்; காலையில் முதல் அமுக்கலில் என்ன நடக்கிறது என்று குறித்து வையுங்கள். ஒரே நாளில் நாலு விஷயத்தை மாற்றினால், எதனால் சரியானது என்றே தெரியாது. செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்.

முதல் நாள் - நேரடி இணைப்பு: யு.பி.எஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டையும் விட்டுவிட்டு, சுவர் பிளக் பாயின்ட்டில் நேராகச் செருகுங்கள். பேட்டரி போன யு.பி.எஸ்ஸும், லூஸான எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் பல நேரம் கம்ப்யூட்டர் மீது பழியைப் போடும். பவர் கேபிளை வேறொன்று மாற்றிப் பார்க்கலாம். பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்னால் 115 / 230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230-ல் இருக்க வேண்டும். 115-க்குத் தள்ளிவிடாதீர்கள், நம் ஊர் மின்சாரத்தில் எஸ்.எம்.பி.எஸ் வெடித்துப் புகைந்துவிடும்.

இரண்டாம் நாள் - சுவர் சுவிட்ச்: ராத்திரி விண்டோஸை மட்டும் ஷட் டவுன் செய்துவிட்டு, சுவர் சுவிட்சை ஆனிலேயே விடுங்கள். (இடி, மின்னல் இருக்கும் நாளில் வேண்டாம்.) சுவிட்ச் ஆனில் இருந்தால் எஸ்.எம்.பி.எஸ்ஸின் ஒரு சிறு பகுதி எப்போதும் விழித்திருந்து 5 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். அப்படி விட்ட மறுநாள் மட்டும் முதல் அமுக்கலிலேயே எழுந்தால், எஸ்.எம்.பி.எஸ் அல்லது சிமாஸ் பேட்டரிதான் காரணமாக இருக்க அதிக வாய்ப்பு.

மூன்றாம் நாள் - ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்: விண்டோஸ் 8-லிருந்து வந்த வசதி இது. ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் நிலையில் ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொண்டு, மறுநாள் அதையே எடுத்து வேகமாகத் தொடங்கும். அதில் ஏதாவது சிக்கல் என்றால் ஷட் டவுனுக்குப் பிறகு தடுமாறும்; ரீஸ்டார்ட் மட்டும் ஒழுங்காக நடக்கும். கன்ட்ரோல் பேனலில் 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் 'டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' டிக்கை எடுத்துவிடுங்கள். லோகோ வரை வந்து நிற்கும் மூன்றாம் ரகத்துக்கு இது பொருந்தும். ஃபேனே ஓடவில்லை என்றால் இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான்காம் நாள் - சிமாஸ் பேட்டரி: மதர்போர்டில் இருக்கும் வட்டமான பட்டன் பேட்டரி. பெரும்பாலானவற்றில் சிஆர்2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். சில பத்து ரூபாய்தான். மாற்றுவதற்கு முன் பயாஸ் செட்டிங் திரைகளை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை எடுத்தால் செட்டிங்குகள் பழையபடி மாறிவிடலாம். அப்போது அந்தப் படம் கைகொடுக்கும்.

ஐந்தாம் நாள் - ரேம்: பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து நொடி அமுக்கிப் பிடியுங்கள். மீதமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். தங்க நிறக் கோடுகளை மென்மையான பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டு, 'க்ளிக்' சத்தம் வரும்வரை திருப்பி மாட்டுங்கள். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் இந்தக் கோடுகளில் படலம் படிவது சகஜம். உள்ளே இருக்கும் தூசியையும் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிடலாம்.

ஆறாம் நாள் - சூடு சோதனை: இத்தனைக்கும் மசியவில்லையா? காலையில், பட்டனை அமுக்குவதற்கு முன்பு, பிளக் கழற்றிய நிலையில், எஸ்.எம்.பி.எஸ்ஸின் பின்பக்க ஓட்டைகள் வழியாக ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஓர் அடி தள்ளிப் பிடித்து, மூன்று நான்கு நிமிடங்கள் காட்டுங்கள். பிறகு பிளக்கைச் செருகி ஆன் செய்யுங்கள். தினமும் நாலு தடவை கேட்கும் கம்ப்யூட்டர் அன்றைக்கு முதல் தடவையிலேயே எழுந்தால், பழுது எஸ்.எம்.பி.எஸ் கெபாசிட்டரில்தான் என்று ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிடலாம். இது கண்டுபிடிப்பதற்கான வழி மட்டும்தான். தினசரி வைத்தியம் இல்லை.

ஏழாம் நாள் - வேறு எஸ்.எம்.பி.எஸ்: கடைசி உறுதிப்பாடு இதுதான். நல்ல நிலையில் உள்ள வேறொரு எஸ்.எம்.பி.எஸ்ஸை ராத்திரி மாட்டி, காலையில் பார்ப்பது. பழக்கம் உள்ளவர்களை வைத்துச் செய்யுங்கள்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

* எஸ்.எம்.பி.எஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். அதற்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது அங்கேயே இருக்கலாம், உயிருக்கே ஆபத்து.
* 'ஆஃப் செய்தால்தானே பிரச்னை?' என்று 24 மணி நேரமும் ஓடவிடாதீர்கள். கெபாசிட்டர் இன்னும் வேகமாக வற்றும். ஒரு மின்வெட்டு வந்தால் அதோடு கதை முடிந்தது.
* கருகிய வாசனை, புகை, 'பட்' என்ற சத்தம் வந்தால் மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டாம்.

கடையில் எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டில் தப்பு நடந்தது இங்கேதான். முதலில் கொண்டுபோன கடையில் இரண்டு முறை அமுக்கிப் பார்த்தார்கள். மூன்றாவதில் ஆன் ஆகிவிட்டது. "நல்லாத்தானே ஓடுது சார்?" என்று, தூசி தட்டியதற்குக் காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். டாக்டரிடம் போனதும் காய்ச்சல் இறங்கிவிடும் குழந்தை மாதிரி. மறுநாள் காலை பழைய கதைதான். இரண்டாவது கடையில், "மதர்போர்டு போயிடுச்சு. புது செட்டே வாங்கிடுங்க" என்றார்கள்.

அதனால், கடைக்குப் போகும்போது 'ஆன் ஆக மாட்டேங்குது' என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "ராத்திரி ஆஃப் செய்து வைத்தால் காலையில் மட்டும் நாலைந்து தடவை அமுக்க வேண்டியிருக்கிறது. சூடானதும் ஒழுங்காக ஓடுகிறது. ஒரு ராத்திரி இங்கேயே வைத்திருந்து காலையில் ஆன் செய்து பாருங்கள். மதர்போர்டை மாற்றுவதற்கு முன்பு வேறு எஸ்.எம்.பி.எஸ் போட்டுப் பாருங்கள்."

எஸ்.எம்.பி.எஸ் மாற்றுவதென்றால் இருப்பதிலேயே மலிவானதை வாங்காதீர்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பெரிய வாட் தேவையில்லை. நல்ல தயாரிப்பில் 400 வாட் அளவே போதும். '80 பிளஸ்' முத்திரை இருந்தால், மின்சாரத்தை வீணாக்குவது குறைவு என்று அர்த்தம். சில பிராண்டட் கம்ப்யூட்டர்களில் எஸ்.எம்.பி.எஸ்ஸின் அளவும் பின் அமைப்பும் வேறு மாதிரி இருக்கும். பழையதைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும் தயங்க வேண்டாம்.

வேறு எஸ்.எம்.பி.எஸ் போட்டும் காலையில் அதே தகராறு என்றால்தான் மதர்போர்டைப் பற்றி யோசிக்க வேண்டும். அதிலும் உப்பிய கெபாசிட்டர்களை மட்டும் மாற்றித் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரின் வயதைப் பார்த்து, அந்தச் செலவு தகுமா என்று முடிவெடுக்கலாம்.

எங்கள் வீட்டில் என்ன ஆச்சு?

எதிர்வீட்டு அண்ணன் தன்னிடம் சும்மா கிடந்த ஓர் எஸ்.எம்.பி.எஸ்ஸை ஒரு ராத்திரி கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலை அப்பா வழக்கம்போல காபியோடு வந்து, பட்டனை அமுக்கிவிட்டு, பழக்க தோஷத்தில் பிளக்கைப் பிடுங்கக் குனிந்தார். 'பீப்' சத்தம் கேட்டது. முதல் அமுக்கலிலேயே!

அவசரப்படாமல் மூன்று நாள் காலை பார்த்தோம். மூன்று நாளும் அப்படியே. புது எஸ்.எம்.பி.எஸ் வாங்கினோம். புது செட்டுக்கு அந்தக் கடைக்காரர் சொன்ன தொகையில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

பாட்டியின் படங்கள் இப்போது மூன்று இடத்தில் இருக்கின்றன. அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்திரங்களை பென் டிரைவில் ஏற்றிவிட்டுத்தான் கம்ப்யூட்டரை அணைக்கிறார். காலையில் அந்த அரை மணி நேரம் மிச்சமானதில் அவருக்கு ஒரே ஒரு வருத்தம்தான். காபி ஆறுவதற்குள்ளேயே வேலையை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறதாம்!